ஜூன் மாதத்து ஓட்டு

2016 ஜூன் 7, செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்கு நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த வாக்குச்சாவடிக்குப் போனேன். குடியுரிமை உறுதிமொழி எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று எங்கள் மாநிலத்தில் பிரைமரி, அதாவது நவம்பர் அதிபர் தேர்தலில் ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று மக்களே முடிவு செய்யும் தேர்தல். அமெரிக்காவில் நான் போடப்போகும் முதல் ஓட்டு அது. அலுவலகம் போகிற அவசரத்திலும் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்மணிகளைத் தவிர யாருமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, திரைக்குள் போய், ஹிலாரி கிளின்டன் பெயருக்கு எதிரே அழுத்தினேன். மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

முந்தின நாள் இரவே அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், கிளின்டனுக்கு வேண்டிய டெலிகேட்டுகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகள்) சேர்ந்துவிட்டார்கள், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் அவர்தான் என்று அறிவித்திருந்தது. நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் ஓட்டுப் போடுவதற்கு ஒரு ராத்திரி முன்னால்! குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்துக் கடைசியாக நின்ற ஜான் கேசிக் மே 4ஆம் தேதியே விலகிவிட்டார். நான் யாருக்குப் போட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அன்று காரில் உட்கார்ந்தபோது சந்தோஷமும் ஏமாற்றமும் சேர்ந்தே இருந்தன. கல்யாண வீட்டுக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த மாதிரி.

அதற்கப்புறம் இரண்டு பிரைமரி தேர்தல்கள் வந்து போய்விட்டன. இரண்டிலும் எனக்கு இதே கதைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து பெரியப்பா போனில் பேசும்போதெல்லாம் கேட்பார்: "அது என்னப்பா, உங்க ஊர்ல ஒரு எலெக்‌ஷனை வருஷம் முழுக்க நடத்துறாங்க?" நான் சொல்லும் பதில்: நவம்பரில் நடப்பது இரண்டு கட்சிகளுக்கு இடையிலான தேர்தல். அதற்கு முன்னால், அந்தக் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதையே மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், மாநிலம் மாநிலமாக, ஐந்து மாதம். கட்சிக்காரர்கள் விருப்ப மனு கட்டி, நேர்காணலுக்குப் போய், தலைமை வெளியிடும் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு கட்சியின் வேட்பாளரை அந்தக் கட்சித் தலைமை கையில் வைத்திருக்காமல், பள்ளிக்கூட ஆசிரியரும் பால்பண்ணைக்காரரும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் எனக்குக் குறையவில்லை. இந்த முறையின் மேல் எனக்கு இருக்கும் கோபம்கூட அந்த வியப்பிலிருந்து வருவதுதான்.

நான் பிரைமரியை உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தது 2008இல். அப்போது ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தேன். மகளுக்கு ஒன்றரை வயது. என் மாமா பையன் ஐயோவா மாநிலத்தின் டெமாயின் நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் பாதிப் பேருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள்தான் சோறு போடுகின்றன என்று சொல்வான். ஜனவரி 3ஆம் தேதி ராத்திரி, உறைபனியில், தன் பக்கத்து வீட்டுக்காரரோடு காகஸ் பார்க்கப் போயிருந்தான். பிரைமரிக்குப் பதிலாக, கட்சி ஆதரவாளர்கள் ஓரிடத்தில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அது. ஓட்டுரிமை இல்லாதவர்களும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். வீட்டுக்குத் திரும்பியதும் எனக்குப் போன் போட்டான்.

"அத்தான், நம்ம ஊர் பஞ்சாயத்துக் கூட்டம் மாதிரியே இருக்கு!"

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம். ஒபாமா ஆட்கள் ஒரு மூலை, கிளின்டன் ஆட்கள் ஒரு மூலை, ஜான் எட்வர்ட்ஸ் ஆட்கள் இன்னொரு மூலை. ரகசிய வாக்கு கிடையாது. எந்த மூலையில் நிற்கிறாயோ அதுதான் உன் ஓட்டு. தலையை எண்ணுகிறார்கள். ஒரு வேட்பாளருக்குப் பதினைந்து சதவீதம் ஆட்கள் சேரவில்லை என்றால், அவருடைய ஆட்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அவர்களை இழுப்பதற்கு மற்ற மூலைக்காரர்கள் வந்து பேசுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், வீட்டில் செய்த குக்கீ கொடுக்கிறார்கள். மாமா பையன் போன கூடத்தில் ஜோ பைடனுக்காக நின்றது நாலே பேர். அவர்களில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கே போவது என்று கடைசிவரை முடிவு செய்ய முடியாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தாராம். பைடன் அன்று இரவே போட்டியிலிருந்து விலகினார். ஒபாமா ஏறக்குறைய 38 சதவீதம் பெற்று ஜெயித்தார். வெள்ளைக்காரர்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாழும் ஒரு மாநிலம் அவரைத் தேர்ந்தெடுத்த அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

காகஸைப் பற்றிய என் கருத்து ஆனால் மாமா பையனின் மனைவி சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. அவள் நர்ஸ். "ஏழு மணிக்கு கூட்டம்னா, எங்க வார்டுல இருக்குற சிட்டிசன் நர்ஸ் யாருமே போக முடியாதுண்ணா." அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் நேரில் போய் நிற்க முடிந்தவனுக்குத்தான் ஓட்டு என்றால், ராத்திரி ஷிஃப்ட்காரனுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஓட்டு இல்லை என்று அர்த்தம். 2020இல் ஐயோவா ஜனநாயகக் கட்சி ஒரு செயலியை நம்பி, முடிவை அறிவிக்க நாள்கணக்கில் தடுமாறியபோது எல்லோரும் அந்தச் செயலியைத் திட்டினார்கள். நான் அந்த நர்ஸைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, 2008க்கு வருகிறேன். ஐயோவாவுக்கு ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர். கருத்துக்கணிப்புகள் எல்லாம் ஒபாமா என்றன. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், போர்ட்ஸ்மவுத்தில் ஒரு காபிக் கடையில், எப்படி இதையெல்லாம் தாங்குகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டபோது கிளின்டனுக்குக் குரல் தழுதழுத்தது. தொலைக்காட்சியில் அதை நாள் முழுக்கப் போட்டுப் போட்டு, நடிப்பா நிஜமா என்று பேசினார்கள். அதைக் கேட்டு எனக்குக் கூச்சமாக இருந்தது; ஒபாமாவை ஆதரித்தவன் நான், இருந்தும். மறுநாள் கிளின்டன் ஜெயித்தார்.

அந்த வருஷம் நியூ ஜெர்சி தன் பிரைமரியை பிப்ரவரி 5ஆம் தேதிக்கே நகர்த்தியிருந்தது. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட 'சூப்பர் செவ்வாய்'. எங்கள் மாநிலத்துக்கு மதிப்பு இருந்த ஒரே வருஷம். அப்போது எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் அந்த மதிப்பும் எவ்வளவு என்று பாருங்கள். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டார்கள். கிளின்டனுக்கு 59 டெலிகேட், ஒபாமாவுக்கு 48. பதினொன்று கூடுதல். அதே நாளில் ஐடஹோ மாநிலத்தில் காகஸ். வந்தவர்கள் சுமார் 21 ஆயிரம் பேர். ஒபாமாவுக்கு 15 டெலிகேட், கிளின்டனுக்கு 3. பன்னிரண்டு கூடுதல். அதாவது பதினொரு லட்சம் பேர் போட்ட ஓட்டின் லாபத்தை, இருபத்தோராயிரம் பேர் ஒரு சாயங்காலத்தில் அழித்து அதற்கு மேலும் ஒன்று சம்பாதித்துக் கொடுத்தார்கள்.

இதில் ஒபாமா குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். விதியைப் படித்தார்கள், யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களில் அலுவலகம் திறந்தார்கள், ஆள் சேர்த்தார்கள். கிளின்டன் குழு பெரிய மாநிலங்களை நம்பியது, பிப்ரவரி 5இல் எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்துவிட்டது. அதற்குப் பிறகு பிப்ரவரி முழுக்க வரிசையாக வந்த போட்டிகளில் ஒபாமா ஒன்றுகூட விடவில்லை. கணக்குப் போட்டு வேலை செய்தவர் ஜெயித்தார், அது நியாயம். ஆனால் விதியை எழுதியவர்களை நான் குறை சொல்கிறேன்.

அந்த ஏப்ரலில்தான் நான் முதன்முறையாக ஒரு தேர்தல் வேலை செய்தேன். விசாவில் இருப்பவன் நன்கொடை கொடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம். குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவரோடு டெலவேர் ஆற்றைத் தாண்டி, பென்சில்வேனியாவின் பக்ஸ் மாவட்டத்துக்கு மூன்று சனிக்கிழமைகள் போய் ஒபாமாவுக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். கையில் பெயரும் வயதும் அச்சடித்த ஒரு பட்டியல். பாதி வீட்டில் ஆள் இல்லை. மீதியில் பாதிப் பேர் கண்ணாடி வழியாகவே கையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள். என் ஆங்கிலத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் எனக்கு முதல் வாரம் முழுக்க இருந்தது.

லெவிட்டவுனில் ஒரு சின்ன வீடு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கதவைத் திறந்தார். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார், நடுவில் பேசவே இல்லை. அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: தான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததாகவும், தான் வேலை கற்றுக்கொடுத்த இரண்டு பையன்கள் தனக்கே மேலாளர்களாக வந்ததாகவும். "உங்கள் ஆள் நல்லவர். அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கு இல்லை." நானும் நண்பரும் ஒன்றும் பேசாமல் படி இறங்கினோம். நண்பர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'கிளின்டன் உறுதி' என்று குறித்தார். பென்சில்வேனியாவில் கிளின்டன் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தபோது, தோற்ற பக்கத்தில் நின்ற எனக்கு அந்தப் பாட்டிக்காக ஒரு நிம்மதி இருந்தது. 2016 ஜூனில் அந்தத் திரைக்குள் நின்றபோது என் மனதில் இருந்தவரும் அவர்தான்.

பிரச்சாரத்தில் ஒருவரை எடைபோடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்த வருஷம் கிடைத்ததுதான். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கோடைக்காலம் மட்டும் மத்திய அரசின் பெட்ரோல் வரியை, கேலனுக்கு 18.4 சென்ட், நிறுத்திவைக்கலாம் என்று குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் சொன்னார். கிளின்டனும் சேர்ந்துகொண்டார். ஒபாமா மாட்டேன் என்றார். இல்லினாய் செனட்டில் தானே இப்படி ஒரு சலுகைக்கு ஓட்டுப் போட்டதாகவும், அந்தப் பணம் மக்கள் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றும் சொன்னார். இந்தியானாவிலும் வட கரோலினாவிலும் ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வரி குறைப்பு வேண்டாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நான் தினமும் ஐம்பது மைல் கார் ஓட்டுகிறவன்; அந்தச் சில்லறை எனக்கும் பிடித்திருக்கும். ஆனாலும் அந்தப் பதிலுக்காகத்தான் அவரை இன்னும் மதிக்கிறேன். எல்லோரும் அவருடைய பேச்சாற்றலைச் சொல்வார்கள். எனக்கு இந்த மறுப்புதான் பெரிது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தேர்தலைப் பணம் வாங்கிவிடும் என்று நம் ஆட்கள் பலர் சொல்வார்கள். நவம்பர் தேர்தலைப் பற்றித் தெரியாது; பிரைமரியில் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. 2016இல் குடியரசுக் கட்சிப் போட்டியில் நின்ற ஜெப் புஷ்ஷுக்காக அவருடைய ஆதரவுக் குழு பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது. தென் கரோலினாவில் தோற்றதோடு விலகி வீட்டுக்குப் போனார். 2020இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் நின்ற கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் தன் சொந்தப் பணத்தில் நூறு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டாலே அவர் முகம்தான். பிப்ரவரி 19ஆம் தேதி லாஸ் வேகஸ் விவாத மேடையில், அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்த பெண்கள் வாய்திறக்கக் கூடாது என்று போட்ட ஒப்பந்தங்களைப் பற்றி சக போட்டியாளர் எலிசபெத் வாரன் கேட்டார். அந்தப் பணம் அத்தனையும் அந்தச் சில நிமிடங்களைத் தாங்கவில்லை. கடைசியில் அவர் ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற தீவுக்கூட்டத்தில் மட்டும்.

அதனால்தான் நாடு முழுக்க ஒரே நாளில் பிரைமரி வைத்துவிடலாம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஒரே நாளில் ஐம்பது மாநிலம் என்றால் விளம்பரம் போடப் பணம் இருப்பவர்தான் நிற்க முடியும். 1976இல் ஜிம்மி கார்ட்டர் என்ற, வெளியே யாருக்கும் தெரியாத ஒரு முன்னாள் ஆளுநர், ஐயோவாவில் வீடு வீடாகத் தங்கித்தான் மேலே வந்தார். அங்கேயும் 'யாருக்கும் இல்லை' என்ற பிரிவுக்கு அடுத்த இடம்தான் அவருக்கு. மற்ற வேட்பாளர்களை முந்தினார், அது போதுமாக இருந்தது. சின்ன மாநிலத்தில், சின்ன அறையில், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது ஒரு வேட்பாளர் என்ன செய்கிறார் என்பது விளம்பரத்தில் தெரியாது.

ஆனால் அந்தச் சின்ன அறை எப்போதும் ஒரே ஊரிலேயே ஏன் இருக்க வேண்டும்?

எங்கள் மாநிலத்தில் ஒரு ஆளுநர் இருந்தார், கிறிஸ் கிறிஸ்டி. 2016 பிரைமரிக்காக மாதக்கணக்கில் நியூ ஹாம்ப்ஷயரிலேயே கிடந்தார். அவரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அங்கே இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. அங்கே ஆறாவது இடம் வந்து மறுநாளே விலகிவிட்டார். எங்கள் செனட்டர் கோரி புக்கர் 2020 ஜனவரி 13ஆம் தேதி, ஒரு ஓட்டுகூடப் போடப்படுவதற்கு முன்பே விலகினார். எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர், ஒருவரை ஆதரித்திருப்பேன், இன்னொருவரை நிச்சயம் ஆதரித்திருக்க மாட்டேன். இருவரைப் பற்றியும் எங்கள் மாநிலத்திடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

கமலா ஹாரிஸும் அப்படித்தான். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் 1958இல் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். 2019 ஜனவரியில் ஓக்லாந்தில் அவர் பிரச்சாரத்தைத் தொடங்கியபோது இருபதாயிரம் பேர் கூடியதைப் பார்த்து எங்கள் தமிழ்ச் சங்க வட்டாரத்தில் எல்லோருக்கும் உற்சாகம். எனக்கும்தான். ஆனால் பெருமைப்படுவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. தனியார் மருத்துவக் காப்பீட்டை ஒழிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த வருஷம் முழுக்க அவர் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஜனவரியில் ஒழித்துவிடலாம் என்றார். ஜூலையில், பத்து வருஷ அவகாசத்தோடு, தனியார் நிறுவனங்களுக்கும் இடம் வைத்த ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். இங்கே ஒரு வேலை போனால் காப்பீடும் சேர்ந்தே போகும் என்ற பயத்தில் பத்து வருஷம் வாழ்ந்தவனுக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. டிசம்பர் 3ஆம் தேதி பணம் இல்லை என்று சொல்லி விலகிவிட்டார். நான் அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பேனா என்பதை முடிவு செய்யவேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. அந்த வருஷம் கொரோனாவால் எங்கள் பிரைமரி ஜூலை 7க்குத் தள்ளிப்போனது. பைடனுக்கு எதிரே நின்ற பெர்னி சாண்டர்ஸ் விலகி மூன்று மாதம் ஆகியிருந்தது. தபாலில் வந்த சீட்டில் பைடன் பெயரை நிரப்பி அனுப்பினேன்.

2024 எல்லாவற்றையும்விட விசித்திரம். ஜூன் 4ஆம் தேதி போய் மறுபடியும் பைடனுக்குப் போட்டேன். மார்ச்சிலேயே அவருக்கு வேண்டிய டெலிகேட்டுகள் சேர்ந்தாகிவிட்டது. நாற்பத்தேழு நாள் கழித்து, ஜூலை 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது அவர் விலகிய செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் எந்த மாநிலத்திலும் யாரும் புதிதாக ஓட்டுப் போடாமலேயே ஹாரிஸ் வேட்பாளர் ஆனார். துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள். பெரியப்பா அதன் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் வீட்டில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. நவம்பரில் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், முழு மனதோடு. ஆனாலும் அவர் ஒரு பிரைமரியை ஜெயித்து அங்கே வந்து நின்றிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒன்பது மாதம் சின்ன அறைகளில் குறுக்குக் கேள்விகளை வாங்கியிருந்தால் அந்தக் காப்பீட்டுக் கேள்வி மாதிரியானவற்றுக்கு அவரிடம் ஒரு உறுதியான பதில் இருந்திருக்கும். நாட்டு மக்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

என்னைக் கேட்டால், முதலில் வரும் மூன்று நான்கு சின்ன மாநிலங்கள் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். இந்த முறை நியூ ஹாம்ப்ஷயர் என்றால் அடுத்த முறை நியூ மெக்சிகோ, அதற்கடுத்து டெலவேர். மற்ற மாநிலங்களும் முறைவைத்து முன்னே பின்னே வரட்டும். பல மாநிலங்களில் தேர்தலைக் கவனிக்கும் அதிகாரிகளான மாநிலச் செயலாளர்களின் சங்கமே பல வருஷங்களாகச் சுழற்சி முறை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காகஸ் எங்கும் வேண்டாம். ஜனநாயகக் கட்சி 2024இல் ஐயோவாவைத் தள்ளிவிட்டுத் தென் கரோலினாவை முன்னால் வைத்தது. கறுப்பின மக்களின் ஓட்டு முதலில் எண்ணப்பட வேண்டும் என்ற காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் விடவில்லை. வேறெந்த மாநிலத்தின் பிரைமரிக்கும் முன்னால் தன் பிரைமரி நடந்தாக வேண்டும் என்று அதன் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கட்சி அங்கீகரிக்காத தேதியில் நடத்தினார்கள். சீட்டில் பெயரே இல்லாத பைடனைக் கையால் எழுதிப்போட்டே ஜெயிக்கவைத்தார்கள்.

2008இல் ஒன்றரை வயதாக இருந்த மகள் இப்போது அந்த நியூ ஹாம்ப்ஷயரில்தான் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே தங்கிப் படிக்கும் மாணவர்கள் அங்கேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். சென்ற முறை வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னாள்: "அப்பா, 2028ல நான் கடைசி வருஷம் இருப்பேன். எல்லாக் கேண்டிடேட்டும் எங்க காலேஜுக்கு வருவாங்க. நீங்க ஏதாவது கேக்கணும்னா சொல்லுங்க, நான் எழுந்து நின்னு கேக்கறேன்."

அன்று ராத்திரியே சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருஷத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது என்ற விதியை என்ன செய்யப் போகிறீர்கள்? வேலை போனவனின் குழந்தைக்கு அந்த மாதம் காய்ச்சல் வந்தால் காப்பீட்டுக்கு என்ன வழி? மூன்றாவதாக ஒன்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன்: ஜூனில் ஓட்டுப் போடுகிறவர்களைப் பார்க்க எப்போது வருவீர்கள்? தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.